மணலும் செப்பும் நடைவண்டியும்

வீடு கட்ட இறக்கிய மணல் மேட்டில் இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு முழ நீளத்துக்கு மணலைக் கரைபோலக் குவித்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை சின்னக் குச்சியை அந்தக் கரைக்குள் நுழைத்து, முன்னும் பின்னும் ஓட்டி, எங்கேயோ விட்டுவிட்டுக் கையை எடுக்கிறது. எதிரில் இருக்கும் பிள்ளை பத்து விரலையும் கோத்து, குச்சி இருக்கும் என்று தான் நினைக்கிற இடத்தைப் பொத்துகிறது. கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்! குச்சி அங்கே இல்லையென்றால் தோற்ற பிள்ளையின் கண்ணைப் பொத்தி, கை நிறைய மணலும் அதில் குச்சியும் வைத்து, வளைத்து வளைத்து நடத்திக்கொண்டு போய் ஓர் இடத்தில் கொட்டச் சொல்வார்கள். பிறகு புறப்பட்ட இடத்துக்கே சுற்றிக் கூட்டிவந்து கண்ணைத் திறந்துவிடுவார்கள். கொட்டிய இடத்தை அந்தப் பிள்ளை தானாகத் தேடிப் போய்க் காட்ட வேண்டும்.

குச்சியை ஒளிக்கும் விரல், பார்க்காமலே அதன் நுனியையும் அடியையும் மணலுக்குள் தடவி அறிகிறது. எதிராளியோ அந்தக் கையின் ஒவ்வொரு அசைவையும் இமைக்காமல் பார்க்கிறான். கை எங்கே தயங்கியது, எங்கே வேகம் கூடியது என்பதை வைத்துத்தான் அவன் கணிக்கிறான். கண்ணைப் பொத்தி நடத்தும்போது பிள்ளைக்குத் துணை அதன் கால்தான்: இத்தனை அடி நடந்தோம், இங்கே இடப்பக்கம் திரும்பினோம், இங்கே தரை சரிந்தது. கண் திறந்ததும் உடம்பு சேர்த்து வைத்த இந்தக் கணக்கைத் திசையாக மாற்ற வேண்டும். தொடுவுணர்வு, கவனம், நினைவு, திசையறிவு, முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமை, தோல்வியைத் தாங்குவது எல்லாம் ஒரு குச்சிக்குள் அடங்கிவிட்டன.

காசில்லாத இந்த ஆட்டத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. "என்ன பொம்மை வாங்கிக் கொடுக்கலாம்?" என்று கேட்டுத்தான் பெற்றோர்கள் என்னிடம் வருகிறார்கள். அந்தக் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போடுவேன். இந்த வயதில் உங்கள் பிள்ளையின் கையும் காலும் எந்த வேலைக்காகத் துடிக்கின்றன என்று முதலில் பாருங்கள். அந்த வேலைக்கு எது இடம் கொடுக்கிறதோ அதுதான் பொம்மை. அது கடையில் இருக்கலாம், அடுக்களையில் இருக்கலாம், தெருவோரம் கிடக்கலாம்.

மணலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போது கட்டட வேலைக்குப் பெரும்பாலும் வருவது எம்-சாண்ட். அது பாறையை உடைத்து அரைத்தது; கூர்மையான துகளும் மூச்சுக்குள் போகிற நுண்தூசியும் கலந்தது. அந்த மேட்டில் பிள்ளைகளை ஆடவிடாதீர்கள். ஆற்று மணல் ஒரு கூடை கிடைத்தால் சலித்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து ஒரு பழைய தொட்டியில் கொட்டி வையுங்கள். பூனை அசிங்கம் செய்யாதபடி இரவில் மூடி வைத்தால் போதும்.

ஐந்து புலன் போதாது

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று பள்ளியில் ஐந்தை மனப்பாடம் செய்தோம். பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று சமநிலை உணர்வு. இதன் கருவி உட்காதில் இருக்கிறது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடம்பு சுற்றுகிறதா நிற்கிறதா என்பதை அது மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வு. இருட்டில் கையை நீட்டி மூக்கைச் சரியாகத் தொடுகிறோமே, அது இதனால்தான். பென்சிலை எவ்வளவு அழுத்திப் பிடிப்பது, டம்ளரை எவ்வளவு விசையோடு தூக்குவது என்று தீர்மானிப்பதும் இதுவே. எழுதும்போது தாளைக் கிழிக்கிற பிள்ளையையும், வகுப்பில் நிமிர்ந்து உட்கார முடியாமல் மேசையில் சரிகிற பிள்ளையையும் திட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டு உணர்வுகளையும் நினைத்துப் பாருங்கள். புலன்கள் கொண்டுவரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தும் விதம்தான் கற்றலுக்கு அடித்தளம் என்று அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏர்ஸ் 1970களில் விரிவாக எழுதினார். இன்று சிகிச்சை மையங்களில் பார்க்கும் ஊஞ்சல் அவர் வழியாக வந்தது.

நம் வீடுகளில் இவற்றுக்குத் தனிப் பெயரில்லை, ஆட்டங்கள் இருந்தன. தூளி ஆடியது. அப்பா முதுகில் உப்பு மூட்டை ஏறியது. இரண்டு பேர் கை கோத்துத் தட்டாமாலை சுற்றி, தலை கிறுகிறுத்து விழுந்து சிரித்தது. பச்சைக் குதிரை தாண்டியது. பாரம் தூக்குவதும் தள்ளுவதும் இழுப்பதும் தசைகளுக்கு நல்ல தீனி. மூன்று வயதுப் பிள்ளை "நான் தூக்குறேன்" என்று காய்கறிப் பைக்கு மல்லுக்கு நின்றால், இரண்டு உருளைக்கிழங்கு போட்ட ஒரு பையையாவது கையில் கொடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தலையணைகளைக் குவித்து மலையாக்கி ஏறவிடலாம். பழைய போர்வையில் பிள்ளையை உட்காரவைத்துக் கூடத்தில் இழுத்துப் போகலாம். அதில் கொஞ்ச நேரம் ஆடியபின் பல பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து கதை கேட்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைத்தமிழ் காட்டும் வரிசை

வயதுக்கு ஏற்ற விளையாட்டு என்றதும் நாம் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்க்கிறோம். நம் இலக்கியத்திலேயே ஒரு வரிசை இருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மூன்றாம் மாதம் தொடங்கி, இரண்டிரண்டு மாத இடைவெளியில் இருபத்தோராம் மாதம் வரை கணக்கிடுவது மரபு. நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. பாடியவர்கள் தெய்வத்தையும் பெரியோரையும் குழந்தையாக வைத்துப் பாடினார்கள். ஆனால் உண்மையான குழந்தையை உற்றுப் பார்க்காமல் அந்த வரிசை அமைந்திருக்காது.

பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தூரம் வரைதான் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம் அது. ஆகவே முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு முகத்தைவிட நல்ல விளையாட்டுச் சாமான் எதுவும் கிடையாது. தொட்டிலுக்கு மேலே வெகு உயரத்தில் சுற்றும் வண்ணப் பொம்மை பெரியவர்களுக்குத்தான் அழகு. குளிப்பாட்டும் பாட்டியின் கை, எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டி மடக்கும்போது, குழந்தைக்குத் தன் உடம்பின் எல்லையைக் காட்டிக்கொடுக்கிறது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். மூக்கில் விட்டது மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம்.

மூன்று நான்கு மாதத்தில் கிலுகிலுப்பை. தன் கை அசைந்ததால்தான் ஓசை வந்தது என்று குழந்தை கண்டுபிடிக்கும் நாள் பெரிய நாள். பனையோலையில் முடைந்த கிலுகிலுப்பை எடையே இல்லாதது, வாயில் வைத்தாலும் தகரம் போலக் கிழிக்காது. ஆனால் உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள், முடைச்சல் பிரிகிறதா என்று வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

ஐந்தாம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் நிலை அது. இன்றைய குழந்தை மருத்துவர்கள் 'தினமும் சிறிது நேரம் குப்புறப் போடுங்கள்' என்று சொல்வதன் பலன் இதுதான்: கழுத்தும் தோளும் முதுகும் உறுதிப்படும். விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள்; தூங்க வைக்கும்போது மல்லாந்தே படுக்கட்டும். குப்புறக் கிடக்கும் குழந்தைக்கு முன்னால் பளபளக்கும் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். அதில் தெரியும் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும்.

ஒன்பதாம் மாதம் சப்பாணி, இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவது. உடம்பின் இடமும் வலமும் நடுவில் சந்தித்து ஒரே வேலையைச் செய்யத் தொடங்கும் காலம் இது. ஏறக்குறைய இதே மாதங்களில்தான் கட்டை விரலும் சுட்டு விரலும் சேர்ந்து சின்னப் பொருளைக் கிள்ளி எடுக்கும். ஒரு தட்டில் அரிசிப்பொரி நாலைந்து போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பொரி எச்சில் பட்டதும் கரையும். வேறெந்தப் பொருளையும் இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்று குழந்தை அறியத் தொடங்குவதும் எட்டு ஒன்பது மாதத்தில்தான். ஸ்விஸ் உளவியலாளர் ழான் பியாஜே இதைத் தன் பிள்ளைகளிடமே கவனித்து எழுதினார். முந்தானையால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டுக்கு அந்த வயதில் அப்படிச் சிரிக்கிறதே குழந்தை, அது இதனால்தான்.

பதின்மூன்றாம் மாதம் வாரானை, 'வா' என்று கை நீட்டி அழைப்பது. இங்கேதான் பெற்றோர்கள் தவறான பொருளை வாங்குகிறார்கள். சக்கரம் வைத்த வாக்கரில் குழந்தையை உட்காரவைத்தால் உடம்பின் பாரத்தைத் துணி இருக்கை சுமக்கிறது. கால் விரலால் தள்ளிக்கொண்டு குழந்தை பறக்கிறது. நடை இதனால் சீக்கிரம் வருவதில்லை. படியில் உருண்டு தலையில் அடிபடுவதுதான் வருகிறது. கனடா 2004இல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. நம் நடைவண்டி இதற்கு நேர் எதிர். குழந்தை தன் காலில் தானே நின்று, கட்டையைப் பிடித்து, முன்னே தள்ளுகிறது. பாரம் காலில், நிதானம் இடுப்பில். மூன்று சக்கரத் தேரைக் குதிரை பூட்டாமல் பிள்ளைகள் உருட்டிய காட்சி பட்டினப்பாலையில் வருகிறது. அந்த மூன்று சக்கரம் இன்னும் நடைவண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கும்போது முன்சக்கரம் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். வழுவழுத் தரையில் விர்ரென்று ஓடிவிடும் வண்டி ஆகாது.

அம்புலியும் சிறுபறையும் சிற்றிலும் சிறுதேரும் ஒன்றே கால் வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் வருகின்றன. நிலாவைச் சுட்டிக்காட்டுவது பேச்சின் வாசல். 'அதோ பார்' என்று தன் கவனத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் பிள்ளைக்குச் சொல் பின்னாலேயே வரும். சிறுபறைக்குக் கவிழ்த்த தேக்சாவும் ஒரு கரண்டியும் போதும். சிற்றில் என்பது மணல் வீடு. அங்கே கல் அடுப்பாகிறது, இலை தட்டாகிறது, மண் சோறாகிறது. ஒரு பொருளை இன்னொன்றாகப் பாவிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பிற்பாடு 'அ' என்ற கோடு ஓர் ஒலியாகத் தெரியும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசியில் அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும். எறிந்து பிடிப்பது, தண்ணீர், ஊஞ்சல்! இதை ஒரு சிகிச்சை நிபுணர் எழுதிய பட்டியல் என்று சொன்னாலும் நம்புவேன்.

பொம்மைக் கடையில்

கடைக்குள் நுழைந்ததும் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் ஆடப்போவது யார், பொம்மையா பிள்ளையா? பொத்தானை அழுத்தினால் பாடி, மின்னி, தானே ஓடி, தானே நிற்கிற பொம்மைக்குப் பிள்ளை பார்வையாளர் மட்டும்தான். நாலு நாளில் அலுத்துவிடும். மரக்கட்டை தானாக ஒன்றும் செய்யாது. ஆகவே பிள்ளை அதை வீடாகவும் ரயிலாகவும் போனாகவும் ஆக்க வேண்டியிருக்கிறது. ஒன்றரை வயதில் மூன்று நான்கு கட்டைகளை அடுக்கும் கை, இரண்டு வயதில் ஆறு அடுக்கும். அடுக்குவதைவிட இடித்துத் தள்ளுவதில் அதிகச் சந்தோஷம் என்றால் அதுவும் பாடம்தான்.

இதற்கு ஆராய்ச்சித் துணையும் உண்டு. 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகளோடு பெற்றோர் மின்னணுப் பொம்மை, சாதாரணப் பொம்மை, படப் புத்தகம் மூன்றையும் வைத்து விளையாடியதைப் பதிவு செய்தார்கள். மின்னணுப் பொம்மை பேசும்போது பெற்றோரின் பேச்சு குறைந்தது, குழந்தையின் மழலையும் குறைந்தது. புத்தகம் இருந்தபோதுதான் பேச்சு நிறைய. 2018இல் டொலிடோ பல்கலைக்கழகத்தார் ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு முறை 4 பொம்மையும் இன்னொரு முறை 16 பொம்மையும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கே இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக ஆடினார்கள். சின்ன ஆய்வுகள்தான்; ஆனால் பிறந்தநாள் முடிந்த மறுநாள் எந்த வீட்டிலும் நேரில் பார்க்கக்கூடியது இது. ஆகவே இருப்பதில் முக்கால்வாசியைப் பரணில் ஏற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றி இறக்குங்கள். பழையது புதிதாகத் திரும்பி வரும்.

அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானை நான் யாருக்கும் தயங்காமல் சொல்வேன். கடைசல் பட்டறையில் மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றிய குட்டி அடுப்பு, குடம், உரல், திருகை, இட்லிப்பானை. ஆண் பிள்ளைக்கும் வாங்குங்கள். சமைத்து விளையாடாத பிள்ளை ஒரு பெரிய கதைக்களத்தை இழந்துவிடும். விருந்தாளி வருவார், காபி கொதிக்கும், பால் பொங்கும், "ஐயோ, கை சுட்டுடுச்சு" என்று கரடிப் பொம்மைக்கு மருந்து போடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் பிள்ளை பேசும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று வயதுக்கு முன் பெரிய சாமான்களை மட்டும் கொடுத்து, குட்டிக் கரண்டிகளை எடுத்து வைத்துவிடுங்கள். தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மை எத்தனை தள்ளினாலும் எழுந்து நிற்கும், அடியில் பாரம் இருப்பதால். ஆனால் அது உடையக்கூடியது, சாயம் வாய்க்குப் போகும். அதைக் காட்டி விளையாடுங்கள், கையில் விடாதீர்கள்.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. தொழிற்சாலைப் பொம்மையில் முத்திரை இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

அடுக்களை என்னும் பட்டறை

கையை அழுக்காக்கும் விளையாட்டுக்குப் பழைய போர்வை ஒன்றை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். அதை விரித்தால் 'இங்கே கொட்டலாம்' என்று பொருள். போர்வைக்கு வெளியே கொட்டக்கூடாது. இந்த ஒரு விதி இருந்தால் அம்மாவின் பாதிக் கோபம் குறையும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எதைக் கொடுத்தாலும் வாய்க்குப் போகும். அதனால் தின்னக்கூடியதையே கொடுங்கள்: மசித்த உருளைக்கிழங்கு, கனிந்த வாழைப்பழம், குழைய வெந்த சாதம், வேகவைத்த ஜவ்வரிசி. அப்படியே தட்டில் கொட்டி விடுங்கள். பிசையட்டும், அப்பிக்கொள்ளட்டும். புது உணவைக் கையால் தொட்டுப் பழகிய பிள்ளை, நாக்கில் வைக்கவும் குறைவாகவே அடம் பிடிக்கிறது என்பது என் அனுபவம்.

இரண்டு வயதுக்கு மேல் தண்ணீர். குளியலறையில் உட்காரவைத்து ஒரு சொம்பு, இரண்டு டம்ளர், ஒரு டவரா, புனல், டீ வடிகட்டி, பஞ்சு. நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அகலமான டவராவில் இருந்த தண்ணீரை ஒடுங்கிய டம்ளரில் ஊற்றியதும் 'இதில்தான் நிறைய' என்று ஐந்து வயதுப் பிள்ளை அடித்துச் சொல்லும். திருத்தாதீர்கள். மறுபடி ஊற்றச் சொல்லுங்கள். ஏழு வயதை ஒட்டி ஒரு நாள் தானாகவே 'இரண்டும் ஒன்றுதான்' என்று சொல்லும்.

மாவு விளையாட்டுக்கு: இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய், பிசைய வேண்டிய அளவு வெதுவெதுப்பான தண்ணீர். நிறத்துக்கு மஞ்சள் தூளோ பீட்ரூட் சாறோ. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். உப்பு அதிகம் என்பதால் இன்னும் வாயில் போடுகிற பிள்ளைக்கு இது வேண்டாம். சப்பாத்திக்குப் பிசைந்ததில் ஓர் உருண்டை கொடுத்தாலே போதும், ஆட்டம் முடிந்ததும் கை கழுவிவிடுங்கள். சோள மாவு இரண்டு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து பாருங்கள்: குத்தினால் கல்லாக நிற்கும், விட்டால் விரலிடுக்கில் வழியும். பெரியவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.

நாலு வயதுக்கு மேல் நிஜ வேலையையே விளையாட்டாகக் கொடுக்கலாம். பச்சைப் பட்டாணி உரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, வேகவைத்த முட்டையின் ஓட்டை எடுப்பது, வாழைப்பூவின் மடலைப் பிரிப்பது. இவை ஒவ்வொன்றும் விரல் நுனிக்கு வெவ்வேறு அழுத்தத்தைக் கற்றுக்கொடுக்கின்றன. வாசலில் கோலப்பொடியைக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே ஒழுகவிடும் பிடி, பென்சில் பிடிக்கு அண்ணன். அரிசி மாவாக இருந்தால் மூக்கில் ஏறும் கல்தூசிக்கும் பயமில்லை.

எழுத்துக்கும் இந்த வழி உண்டு. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதித்தான் படித்தார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதை விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் விடுதியிலும் கொண்டுவந்தார். பிறகு இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் அந்த மணல் தட்டு போனது. 1907இல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கவைத்தார். 1939இல் அவர் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப்போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கண் பார்த்ததைக் கை மறக்கும். கை தடவியதைக் கை மறக்காது. ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி 'ட' எழுதச் சொல்லுங்கள். அழிக்க ரப்பர் வேண்டாம், தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். தப்பு எழுதிய பயமும் அதோடு போய்விடும்.

கவனம், இவற்றில் மட்டும்

குன்றிமணியை முதலில் சொல்கிறேன். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பதும் அதைத்தான். மென்றால் கடுமையான விஷம். சதுர்த்தி முடிந்ததும் பிள்ளையாரைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, கரைக்கும்போது கண்களை எண்ணி எடுத்துவிடுங்கள். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும் சோழியும் இருக்கும்போது குன்றிமணி எதற்கு? அரளி விதையும் அப்படியே. புளியங்கொட்டையும் சோழியும்கூட ஐந்து வயதுக்கு மேல்தான்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில், 32 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் அடங்கிவிடும் சிறு பொருள் எதுவும் தரையில் கிடக்கக்கூடாது. பொம்மைத் தரச் சோதனையில் பயன்படுத்தும் அளவு அது. பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். ரிமோட்டிலும் பாடும் வாழ்த்து அட்டையிலும் அது இருக்கிறது. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் மணிகள் குடலுக்குள்ளும் பெருக்கும். அவற்றை விளையாட்டுப் பொருள் என்று விற்பதே தவறு. வெடித்த பலூன் துண்டை உடனே பொறுக்கிவிடுங்கள். மூச்சுக்குழாயில் சிக்குவதில் நம் நாட்டில் முன்னால் நிற்பது வேர்க்கடலை.

என் அக்கா மகன் மூன்று வயதில் காய்ந்த பட்டாணியை மூக்கில் போட்டுக்கொண்டான். வீட்டில் ஹேர்பின் வைத்து எடுக்கப் பார்த்தோம். அது இன்னும் உள்ளே போயிற்று, ஊறிப் பெருத்தது. மருத்துவர் எடுத்து முடிப்பதற்குள் எங்கள் எல்லோருக்கும் உயிர் போய் வந்தது. நீங்கள் நோண்டாதீர்கள். நேரே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

பிள்ளை வளர்ந்தபின் சேலைத் தூளியைக் கழற்றிவிடுங்கள். முறுக்கிச் சுற்றி ஆடும்போது கழுத்தில் இறுகி உயிர் போன செய்திகளைப் படித்திருக்கிறோம். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். அரை வாளித் தண்ணீர் ஒரு வயதுப் பிள்ளைக்குக் கிணறு.

தொட மறுக்கும் பிள்ளை

சில பிள்ளைகள் மணலில் கால் வைக்க மாட்டார்கள். மாவு ஒட்டினால் அலறுவார்கள். மிக்ஸி ஓசைக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். சட்டையின் பின்கழுத்து லேபிள் உரசினால் அன்றைய நாளே பாழ். இன்னும் சிலர் நேர்மாறு: சுவரில் மோதுவார்கள், சுற்றிக்கொண்டே இருப்பார்கள், எதைக் கண்டாலும் முகர்ந்தும் நக்கியும் பார்ப்பார்கள். இவர்களில் பலருக்கு வேறு எந்தச் சிக்கலும் இல்லை. புலன்களின் கதவு கொஞ்சம் அதிகமாகவோ குறைவாகவோ திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படும்.

"பழகிடும்" என்று கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது. மாவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, வெளியிலிருந்து அழுத்தச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கரண்டியால் கிளறட்டும். அதற்கடுத்து ஒரு விரல். பக்கத்தில் ஈரத்துணி இருக்கட்டும். வேண்டும்போது துடைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையே பாதி தைரியம் தரும். உரசிச் செல்லும் மென்தொடுகையைவிட அழுத்தமான அணைப்பு இவர்களுக்குப் பிடிக்கும். ஒரு சின்னப் பெண் ரவைத் தட்டில் விரல் வைக்க ஏழு வாரம் எடுத்துக்கொண்டாள். எட்டாவது வாரம் தட்டை அவளிடமிருந்து வாங்குவதுதான் பாடாக இருந்தது.

கீழ்க்கண்டவை இருந்தால் விளையாட்டை மட்டும் நம்பிக் காத்திருக்கக்கூடாது. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, எதையும் சுட்டிக்காட்டவில்லை. பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோகின்றன. பொம்மைக் காரை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுழற்றுகிறது, நம் முகத்தைப் பார்ப்பதே இல்லை. "எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாத்தான் பேசினாங்க" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் மூளை வேகமாக வளரும் முதல் சில வருடங்கள் அந்த ஆறுதலில் கரைந்துவிடக் கூடாது.

மத்திய அரசு 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்களை அமைத்தார்கள். தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கின்றன. குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறைச் சிகிச்சையாளர் என்று பலரையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கும் நோக்கத்தில் அமைந்தவை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுள்ளோருக்காக 2005இல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கத்தவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம் தெரிந்திருக்கும். எங்கே போவதென்று புரியாவிட்டால் உங்கள் அங்கன்வாடி ஊழியரைக் கேளுங்கள். சந்தேகம் வந்த வாரமே போங்கள். பிறந்த நாள் முதல் 18 வயது வரை, மாவட்ட மையத்தில் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது.